வெயிலும் உப்பும் எழுதும் படம்

(இராஜாக்கமங்கலத்தில் மாணவர்களும் ஊர்ப் பெரியோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"கேமரா இல்லாமல் படம்" என்று நோட்டீஸில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு, இம்மண்டபத்தின் வாசற்படியில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, "ஏது சாரே, மாடு இல்லாம பால் கறக்க வித்தையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அவருடைய இடக்கை விரலைக் காட்டி, "ஐயா, ஓட்டுப் போட்டபோது இந்த விரலில் ஒரு கறுப்பு விழுந்ததே, அதை எந்தக் கேமராவால் எடுத்தார்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

வாக்குச்சாவடியில் நம் விரலில் இடும் அழியாத மை, மைசூரிலுள்ள அரசு வர்ணத் தொழிற்சாலையில் தயாராவது. 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலிருந்து இந்நாட்டின் விரல்களில் ஏறிக்கொண்டிருப்பது. அதில் வெள்ளி நைட்ரேட் என்னும் உப்பு கலந்திருக்கிறது. அந்த உப்பு நம் தோலிலுள்ள வியர்வையின் உப்போடு கூடி வெள்ளிக் குளோரைடு ஆகிறது. வெள்ளிக் குளோரைடின் மேல் வெளிச்சம் படப்பட, அதிலுள்ள வெள்ளி நுண்துகளாகப் பிரிந்து கறுத்துப் போகிறது. சாவடிக்குள் வெளிறியிருந்த கறை, வெயிலில் நடந்து வீடு சேர்வதற்குள் கருநிறம் கொள்வதை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். புகைப்படக் கலையின் மூலாதாரமான ரசாயனம் முழுவதும் அந்த ஒரு சொட்டு மையில் அடங்கியிருக்கிறது. லென்ஸ் இல்லை, பெட்டி இல்லை, பொத்தான் இல்லை. உப்பு உண்டு, வெள்ளி உண்டு, சூரியன் உண்டு. இந்த மூன்றையும், இவற்றுக்கு உறவான இரும்பையும் மஞ்சளையும் வைத்துக்கொண்டு, நம் வீட்டுத் திண்ணையிலும் குளியலறையிலும் என்னென்ன பரிசோதனைகள் செய்து பார்க்கலாம் என்பதே இன்றைய பொழுதுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள்.

படம் என்றால் கேமராவால் எடுப்பது என்ற எண்ணம் நம் மனத்தில் எப்போது வேரூன்றியது? சரித்திரத்தைப் புரட்டினால் கேமரா பின்னால் வந்த விருந்தாளி என்பது தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மனி தேசத்து ஷுல்ட்ஸே என்ற அறிஞர், வெள்ளி கலந்த சுண்ணத்தைக் கண்ணாடிக் குப்பியில் நிரப்பி, எழுத்து வடிவமாக வெட்டிய காகிதத்தைக் குப்பியின் மேல் சுற்றி வெயிலில் வைத்தார், குப்பிக்குள் எழுத்துகள் கறுத்துத் தோன்றின, குலுக்கியதும் மறைந்தன. 1802ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட் என்பவரும் ஹம்ப்ரி டேவி என்னும் ரசாயன மேதையும், வெள்ளி உப்புப் பூசிய காகிதத்திலும் தோலிலும் இலைகளையும் பூச்சியின் சிறகுகளையும் வைத்துச் சூரிய ஒளியில் பதித்த வரலாற்றை எழுதி வெளியிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு துக்கம் இருந்தது. பதிந்த படத்தை நிலைக்கச் செய்யும் வழி அவர்களுக்குப் புலப்படவில்லை. பகல் வெளிச்சத்தில் எடுத்தால் வெண்மையாய் நின்ற பகுதியும் கறுத்துப் படம் முழுவதும் இருண்டுவிடும். ஆகவே தாங்கள் பெற்ற அற்புதத்தை மெழுகுவர்த்தியின் மங்கலான ஒளியில், திருட்டுப் பொருளைப் பார்ப்பவர்கள்போல், பார்த்துவிட்டு மூடி வைக்கவேண்டியிருந்தது.

அந்தத் துக்கத்தைத் தீர்த்தவர்களில் ஒருவர் ஃபாக்ஸ் டால்பட். காகிதத்தைச் சாதாரணச் சோற்றுப்பில் நனைத்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலைப் பூசி, இலையும் பின்னல்துணியும் வைத்து அவர் பதித்த படங்கள், 1839ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் காட்சிக்கு வைக்கப்பட்டன. படத்தை நிறுத்தவும் அவர் முதலில் உபயோகித்தது செறிவான உப்புநீரையே. யோசித்துப் பாருங்கள்: இம்மண்டபத்துக்குக் கிழக்கே சிறிது தூரத்தில் புத்தளமும் சாமித்தோப்பும் மணக்குடியும் இருக்கின்றன, பாத்தி பாத்தியாக வெயில் உப்பை விளைவிக்கும் அந்த நிலத்தைத் தினந்தோறும் கடந்து போகும் நமக்கு, வெயிலும் உப்பும் சேர்ந்தால் படமும் விளையும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் வெள்ளிக் குளோரைடின் சமன்பாட்டை நெட்டுருப் போட்டோம். அது கறுப்பதைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

அன்பர்களே, வெள்ளி விலையேறப் பெற்றது. ஏழை வீட்டுக்கு ஏற்றது இரும்பு. 1842ஆம் ஆண்டில், வான சாஸ்திரியாகப் பெயர்பெற்ற ஜான் ஹெர்ஷல், இரும்பு உப்புகளை வைத்து நீலநிறப் படம் பதிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். வெள்ளிப் படத்தை நிலைநிறுத்தும் 'ஹைப்போ'வின் குணத்தை முன்பே கண்டு சொன்னவரும் இவர்தான். அவருடைய நீல முறைக்குச் சயனோடைப் என்று பெயர். பொதுப்பணித் துறை அலுவலகங்களில் பாலத்துக்கும் கட்டடத்துக்கும் வரைந்த நீலநிறப் பிளான்களைப் பார்த்திருக்கும் முதியவர்கள் இங்கே இருந்தால், அம்மோனியா பிரிண்ட் வருவதற்கு முன்பு அவை எல்லாம் இந்த முறையில் ஆனவையே என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எஞ்சினியர்கள் அதைக் கைக்கொள்வதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஒரு பெண்மணி அதைக் கைக்கொண்டாள். அவளுடைய கதையை, கடற்கரைவாசிகளாகிய நீங்கள் அவசியம் கேட்கவேண்டும்.

அன்னா அட்கின்ஸ் என்பது அவள் பெயர். தகப்பனார் ஜான் ஜார்ஜ் சில்ட்ரன், பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய விஞ்ஞானி, ஹெர்ஷலுக்குச் சிநேகிதர். 1841ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்பவர் பிரிட்டிஷ் கடற்பாசிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அதில் வர்ணனை இருந்தது, படம் இல்லை. மயிரிழைபோல் கிளைவிட்டு, நீரில் விரிந்தும் கரையில் சுருண்டும் கிடக்கும் பாசியைக் கையால் வரைவதென்பது எத்தனை கைதேர்ந்த ஓவியனுக்கும் அரிய காரியம். அட்கின்ஸ் அம்மையார் தூரிகையை எடுக்கவில்லை. இரும்பு உப்புப் பூசிய காகிதத்தின்மேல் உலர்ந்த பாசியை விரித்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைத்தார். பிறகு தண்ணீரில் அலசினார். ஆழ்ந்த நீலத்தின் நடுவே, அச்செடியின் உண்மையான அளவில், வெண்மையாக அதன் வடிவம் நின்றது. 1843ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிப் பத்து ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக வெளிவந்த அந்தப் புத்தகத்தில் ஏறத்தாழ 400 படங்கள். அச்சு இயந்திரத்தில் ஓடியவை அல்ல. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே வெயில் கண்டு, தனித்தனியே தண்ணீர் கண்டது. பாசியின் பெயர்கூட அவர் கையால் எழுதி, அந்த எழுத்தையும் வெயிலிலேயே பதித்ததுதான். புகைப்பட முறையில் படங்கள் பதித்து உலகில் வெளிவந்த முதல் புத்தகம் அதுவே என்பது அறிஞர்களின் முடிவு. அதில் ஒரு பக்கத்துக்கும் கேமரா தேவைப்படவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த அம்மையார் முன்னுரையின் அடியில் 'ஏ. ஏ.' என்று மட்டும் கையொப்பமிட்டிருந்தார். பல ஆண்டுகள் கழித்து அப்பிரதிகளைச் சேகரித்த ஒருவர், இந்த இரண்டு எழுத்தும் 'பெயர் தெரியாத அமெச்சூர்' என்பதன் சுருக்கமாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். பத்து வருஷம் வெயிலில் நின்று வேலை செய்தவளுக்கு உலகம் வழங்கிய பட்டம் அது! (வீட்டில் ஆயுள் முழுவதும் சமைத்தவளின் பெயர் விருந்தினருக்குத் தெரியாமற்போவது நம் தேசத்து வழக்கம் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.)

இதை இராஜாக்கமங்கலத்தில் செய்ய என்ன வேண்டும்? ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், வேறொரு 100 மில்லி தண்ணீரில். இரண்டையும் தனித்தனிப் புட்டியில் இருட்டில் வைத்திருந்து, வேண்டியபோது சம அளவில் கலந்து, நல்ல கனமான டிராயிங் தாளிலோ வெளுத்த பருத்தித் துணியிலோ தூரிகையால் பூசி, வெளிச்சம் புகாத அறையில் உலர்த்தவேண்டும். மங்கலான மஞ்சள் பல்பு எரியலாம். சிவப்பு விளக்குகூடத் தேவையில்லை. 'சயனைடு' என்ற பெயரைக் கேட்டுத் தாய்மார்கள் திடுக்கிடவேண்டாம். இவ்வுப்பில் அது இரும்போடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. ஆனால் கழிவறை கழுவும் ஆசிட் போன்ற கடுமையான அமிலத்தோடு இது சேர்ந்தால் விஷவாயு எழும் என்பதை மறக்கலாகாது. சமையல் பாத்திரத்தில் கலக்குவதும், கையுறை இல்லாமல் துழாவுவதும், சிறு குழந்தைகளுக்கு எட்டும்படி வைப்பதும் கூடாது. மற்றோர் உப்பான அந்தச் சிட்ரேட், இரத்தசோகைக்கான டானிக்கில் முன்னாளில் சேர்த்து வந்ததுதான்.

உலர்ந்த தாளின்மேல் வேப்பிலையோ, பாசியோ, பின்னல் கோலப்பூ போட்ட துணியோ வைத்துக் கண்ணாடி கவிழ்த்து வெயிலில் வைத்தால், நம் உச்சிவெயிலுக்குப் பத்து நிமிஷம் போதுமானது. ஆடிச் சாரல் நாளில் ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். இளம்பச்சையாயிருந்த பூச்சு நீலமாகி, பிறகு சாம்பல் பூத்ததுபோல் மங்கும்போது எடுத்துத் தண்ணீரில் இடவேண்டும். வெயில் படாத இடத்திலுள்ள உப்பு கரைந்து மஞ்சளாக ஓடும். பட்ட இடத்தில் இரும்பு உருமாறி, கரையாத நீலமாகக் காகித நாரில் உட்கார்ந்துவிடும். ஒரு நாள் உலர உலர நீலம் ஆழமாகும்.

இங்கே நம் ஊருக்கே உரிய இரண்டு சங்கடங்களைச் சொல்லவேண்டும். முதலாவது, உப்புக்காற்று. பூசிய தாளை வாரக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று குளிர்தேசத்துப் புத்தகங்கள் சொல்லும்; நம் ஈரக்காற்றில் அது இரண்டொரு நாளிலேயே தானாக நீலம் பூத்துக் கெட்டுப்போகும்; ஆகவே காலையில் பூசி மதியம் பதிப்பதே உத்தமம். இரண்டாவது, தண்ணீர். உவர்ப்பும் சுண்ணமும் மிகுந்த கிணற்றுநீரில் அலசினால் நீலம் வெளிறும். அலசும் முதல் நீரில் கொஞ்சம் எலுமிச்சைச்சாறு விட்டுக்கொண்டால் நிற்கும். இந்தப் பலவீனத்தையே பலமாக மாற்றவும் கூடும். சலவைச்சோடா கரைத்த நீரில் நீலப்படத்தை முக்கி வெளிற விட்டு, கழுவி, கடுக்காய்க் கஷாயத்திலோ கடுந்தேயிலை நீரிலோ ஊறவைத்தால், எஞ்சிய இரும்பு துவர்ப்போடு கூடிக் கபிலநிறமும் கருநிறமும் கொள்கிறது. கடுக்காயும் இரும்பும் கூடிக் கறுப்பதை மைகூட்டிய நம் பாட்டனார்களும் சாயமிட்டவர்களும் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இரும்பும் வேண்டாம், கடைச்சரக்கு எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு அடுக்களையிலேயே ஒரு ரசாயனம் இருக்கிறது. மஞ்சள் கறை பட்ட சேலையை வெயிலில் காயப்போட்டால் கறை மறைவதும், சோப்புப் பட்டால் அதே கறை இரத்தச் சிவப்பாவதும் இங்குள்ள எந்தத் தாய்க்குத் தெரியாது? அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்தால் ஒரு படம் ஆகிவிடும். மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டித் தாளில் பூசி, இலையை வைத்துச் சில மணி நேரம் நல்ல வெயிலில் விட்டால், இலையின் கீழ் மஞ்சள் நிற்கும், சுற்றிலும் வெளிறும். பிறகு வெங்காரம் கரைத்த நீரைத் தடவினால், நின்ற மஞ்சள் செங்கபிலமாக இருண்டு இலையின் உருவம் எழுந்து வரும். மஞ்சளையும் வெங்காரத்தையும் எலுமிச்சைச்சாற்றையும் கூட்டிக் குங்குமம் செய்த குடும்பங்களுக்கு இது புதிய வித்தையே அன்று. தாவரச் சாற்றால் படம் பதிக்கும் இம்முறையையும் ஹெர்ஷலே 1842இல் ஆராய்ந்தார். இது நிலைக்காது, வெளிச்சத்தில் தொங்கவிட்டால் சில மாதத்தில் கரைந்துவிடும். கரையட்டுமே! நம் வாசற்கோலம் மாலைவரை இருக்கவேண்டும் என்று யார் கேட்டார்கள்?

இனி, இருட்டறை. ஸ்டூடியோக்காரர்கள் சிவப்பு பல்பின் கீழ் நின்று படம் கழுவிய அந்த அறையை இராத்திரி வேளையில் குளியலறையில் அமைத்துவிடலாம். உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பிரின்டிங் பேப்பரும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்துத் தேசம் முழுவதும் அனுப்பியது. இன்று அந்த ஆலை மூடிக் கிடக்கிறது. மூடிய ஸ்டூடியோக்களின் பரணில் காலாவதியான பேப்பர் பெட்டிகள் இன்னும் அகப்படக்கூடும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். அந்தத் தாளின்மேல் முறுக்கு அச்சையும் கண்ணாடி வளையலையும் வைத்து ஒரு விநாடி டார்ச் அடித்து, டெவலப்பரில் இட்டால், வெற்றுத் தாளில் கருமை மெல்ல ஊறி எழும் அந்தக் காட்சியை, ஆயிரம் முறை பார்த்தவனும் அலுப்பின்றிப் பார்ப்பான்.

டெவலப்பருக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஓர் ஆசிரியரும் மாணவர்களும், உடனடிக் காப்பித்தூளையும் சலவைச்சோடாவையும் கரைத்தே படத்தைத் துலக்கலாம் என்று காட்டினார்கள். வைட்டமின் சி மாத்திரை சேர்த்தால் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. நாற்றம் மட்டும் சகிக்காது. நம் வடிகட்டின காப்பியை இதற்கு வீணாக்க என் மனம் ஒப்பவில்லை. வேறொரு கவனமும் வேண்டும். புத்தகங்கள் எல்லாம் 20 டிகிரி வெப்பத்தைச் சொல்லும். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் வரும். கழுவும் நேரத்தைக் குறைக்கவேண்டும், அல்லது ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தட்டில் மிதக்கவிட வேண்டும். கடைசியாக ஹைப்போவில் ஊறவைத்து நெடுநேரம் கழுவினால் படம் நிலைத்துவிடும். உபயோகித்த ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைக் குளத்திலும் காயலிலும் கொட்டுவது மீனுக்கு விஷம் வைப்பதாகும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை அதில் ஊறப்போட்டால், வெள்ளி அதில் சேறாகப் படிந்து பிரியும்.

வெளிச்சமே இல்லாமலும் படம் பதியும் என்றால் நம்புவீர்களா? 1896ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மப்பு மந்தாரமான சில நாட்களில், ஹென்றி பெக்கரல், கறுப்புத்தாள் சுற்றிய புகைப்படத் தகட்டின்மேல் யுரேனியம் உப்பை வைத்து மேஜை இழுப்பறையில் மூடிவிட்டார்; சூரியனைக் காணாமலே தகட்டில் நிழல் விழுந்திருந்தது. கதிரியக்கம் என்னும் சாஸ்திரமே அந்தக் கேமரா இல்லாத படத்திலிருந்து பிறந்தது. இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இங்கிருந்து மேற்கே மணவாளக்குறிச்சி இருக்கிறது. 1909ஆம் ஆண்டில் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அதிலுள்ள, கதிர் வீசும் தோரியத்துக்காக மேல்நாட்டார் நம் கரைக்கு ஓடிவந்தார்கள். எதற்கு? விளக்கு மேண்டிலுக்கு! நம் கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெண்மைக்குக் காரணமான அந்தச் சல்லடைப் பையை, பழைய சரக்காயிருந்தால், கறுப்புறைக்குள் இருக்கும் எக்ஸ்ரே பிலிமின்மேல் உடையாமல் வைத்துச் சில வாரம் மறந்துவிட்டுப் பிறகு கழுவினால், அதன் கண்ணிகள் வரிசையாகப் பதிந்திருக்கக் காணலாம். மேண்டிலை நசுக்கித் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. மணலை அள்ளிச் சேர்ப்பது சட்டம் தடுத்த காரியம். இந்தப் பரிசோதனையை ஆசிரியர் துணையோடு செய்வதே முறை. ஆனால் நம் கால் தினமும் மிதிக்கும் மண்ணுக்கும் படம் பதிக்கும் சக்தி உண்டென்பதை ஒரு முறை பார்த்த பிள்ளை, பௌதிகப் புத்தகத்தை அதன்பின் வேறு கண்ணோடு திறப்பான் என்பது என் நம்பிக்கை.

"கைபேசியில் ஒரு நிமிஷத்தில் நூறு படம் எடுக்கிறோம், இந்த வேலை எதற்கு?" என்று மாணவர் சிலர் தங்களுக்குள் பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை. கைபேசியைப் பழிக்க நான் வரவில்லை; இச்சொற்பொழிவின் குறிப்புகளே அதில்தான் இருக்கின்றன. ஆனால் அதற்குள் நடப்பது எதுவும் உங்கள் கைக்கு எட்டுவதில்லை. வெளிச்சம் எவ்வளவு, நிறம் எது என்பதையெல்லாம் யாரோ முன்பே தீர்மானித்து உள்ளே வைத்துவிட்டார்கள். இங்கே தாள் கெட்டால் ஏன் கெட்டது என்று நீங்களே தேடவேண்டும்: வெயிலா, தண்ணீரா, உப்பா, கையவசரமா? அப்படித் தேடுகிறபோதுதான் ரசாயனம் ஒருவனுக்கு வசமாகிறது. மேலும், இந்தப் படத்தில் பொருளும் தாளும் ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன. பாசி எவ்வளவு நீளமோ படமும் அவ்வளவு நீளம். எந்த இடத்தில் மெல்லியதோ அந்த இடத்தில் நீலம் கசிந்திருக்கும். விஞ்ஞானிக்கு அது அளவு. ஓவியனுக்கு அது அழகு. இரண்டுக்கும் தனித்தனித் தாள் வேண்டியதில்லை.

ஆகவே உங்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. நம் தேசத்துப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், குருசடைத் தீவின் கடற்பாசிகளை ஆராய்ந்து 1927ஆம் ஆண்டிலேயே எழுதினார். இதே இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் மையம் இருக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று பெயர் சொல்லி மூழ்கி எடுக்கிறார்கள். நம் மணற்கரையில் அலை ஒதுக்குவதும், முட்டத்திலும் கடியபட்டணத்திலும் பாறையைப் பற்றி வளர்வதுமான பாசிகளுக்கு, துறைக்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறோமா? பாறையிலிருந்து பிடுங்கவேண்டாம், கரையில் ஒதுங்கியதே போதும். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, துணியில் ஒற்றி, பாசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை இட்டு, ஒவ்வொன்றையும் நீலத்தில் பதியுங்கள். அடியில் மாதத்தையும், எடுத்த கரையையும், பாட்டி சொன்ன பெயரையும், மையத்தார் சொல்லும் லத்தீன் பெயரையும் எழுதுங்கள். உங்கள் பெயரை, தயவுசெய்து, முழுமையாக எழுதுங்கள்.

காலையில் பூசிய தாள்கள் சில, கறுப்புப் பைக்குள் மேடைக்குப் பின்னாலுள்ள அறையில் இருக்கின்றன. மாணவர் சிலர் துறையிலிருந்து ஒரு வாளி பாசி கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டு அண்டா தண்ணீரும் நாலைந்து எலுமிச்சம்பழமும் தயாராயிருக்கின்றன. மணி மூன்றரை ஆகப்போகிறது. நாலரைக்கெல்லாம் முற்றத்து வெயில் தென்னைக்குப் பின்னால் இறங்கிவிடும் என்பதால், நன்றியுரை ஆற்றவிருக்கும் அன்பர் என்னைப் புகழும் பகுதியை அடியோடு விட்டுவிட்டு, நாற்காலி கொடுத்தவர்களுக்கும் காப்பி போட்டவர்களுக்கும் மட்டும் நன்றி சொல்லி முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.